60ஐத் தாண்டினால் கிரைண்டர் ஓடுகிற சத்தம்: டயரா, வீல் பேரிங்கா?

வேளச்சேரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2015 மாடல் சின்ன ஹேட்ச்பேக். பெட்ரோல், 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக ஒரு சத்தம் படுத்துகிறது. 50 வரைக்கும் ஒன்றும் இல்லை. 60ஐத் தாண்டியதும் பக்கத்து வீட்டில் மாவு கிரைண்டர் ஓடுகிற மாதிரி ‘ஊம்ம்ம்’ என்று ஆரம்பித்து, 80இல் பின் சீட்டில் இருப்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்கு ஏறுகிறது.

முதலில் டயர் கடைக்குப் போனேன். டயர் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது என்றார்கள். முன்பக்கம் இரண்டும் புதுசு போட்டேன், 9,000 ரூபாய்க்கு மேல் ஆனது. சத்தம் அப்படியேதான் இருக்கிறது. அப்புறம் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டமே இல்லை, பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். என் காதுக்கு வலது முன் சக்கரத்திலிருந்து வருவதாகத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் வண்டி இரண்டு நாள் பாதி டயர் தண்ணீரில் நின்றது. என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை.

அடுத்த மாதம் அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் போக வேண்டும். இந்தச் சத்தத்தோடு போகலாமா?

கோத்தகிரி டிரைவர்

சார், டயரா பேரிங்கா என்பதற்கு முன்னால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆளில்லாத நேரான சாலையில் 70இல் போகும்போது ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை மட்டும் அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டியரிங்கும் போகும், பிரேக் பூஸ்டரும் கை கொடுக்காது. என்ஜின் சத்தம் அடங்கிய பிறகும் அந்த உறுமல் வேகத்துக்குத் தகுந்தபடி இருந்துகொண்டே இருந்தால் அது சக்கரத்திலிருந்து வருவதுதான்.

அடுத்தது வளைவு. வண்டி வலது பக்கம் திரும்பும்போது எடை இடது பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகம் இடது பேரிங் மேல். இடது பக்கம் திரும்பும்போது கூடினால் வலது. மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கும் எங்களுக்கு இந்தச் சோதனை நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே நடந்துவிடும். உங்கள் ஊரில் நீண்ட வளைவுள்ள ஒரு சாலையாகப் பார்த்துச் செய்யுங்கள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்க வேண்டாம். மெதுவாக லேன் மாறுவது போல இரண்டு பக்கமும் சாய்த்தாலே போதும்.

நாவலூர் வாசகி

டயர் சத்தத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. சாலை மாறினால் அதுவும் மாறும். புதுத் தாரில் குறையும், சொரசொரப்பான கான்கிரீட்டில் கூடும். பேரிங் சத்தத்துக்குச் சாலை ஒரு பொருட்டே இல்லை. இன்னொன்று, டயர் தட்டையாகத் தேயாமல் படிக்கட்டு போலத் தேய்ந்திருந்தால் உள்ளங்கையை டிரெட் மேல் முன்னும் பின்னும் தடவினாலே தெரிந்துவிடும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருக்கும்.

புது டயர் வாங்குவதற்கு முன்னால் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் பார்த்திருக்கலாம். டயர்தான் காரணம் என்றால் சத்தம் வரும் இடமும் அதோடு மாறியிருக்கும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சின்ன வேலை, பெரிய செலவு மிச்சமாகியிருக்கும்.

லேத் பட்டறை

26 வருஷமாக பேரிங் கழற்றி மாட்டுகிற தொழில் எனக்கு. உங்கள் மெக்கானிக் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து, அதாவது கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் நேராகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்று பார்ப்பது சரியான சோதனை. 9க்கும் 3க்கும் நேராகப் பிடித்தால் மட்டும் ஆடுகிறது என்றால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் ஆட்டம் இல்லை என்பதாலேயே பேரிங் நல்லது என்று சொல்லக் கூடாது. இப்போதைய கார்களில் இருப்பது இரண்டு வரிசைக் குண்டுகள் கொண்ட, சீல் வைத்து மூடிய பேரிங். குண்டு ஓடுகிற பாதையில் ஓரிடத்தில் தோல் உரிந்தாலே சத்தம் வர ஆரம்பித்துவிடும். ஆட்டம் வருவது அதற்கு ரொம்ப நாள் கழித்து. ஆட்டம் வரட்டும் என்று காத்திருப்பது பல்வலிக்காரர் பல் ஆடும்வரை காத்திருப்பதைப் போல.

இதைச் செய்யச் சொல்லுங்கள். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு மேல் உட்கார வைக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் கையை உள்ளே விடவே கூடாது. கியர் நியூட்ரல். ஒருவர் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்ற, இன்னொருவர் அந்தச் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சஸ்பென்ஷன் சுருளை, அதாவது காயில் ஸ்பிரிங்கை, விரல்களால் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணலை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு விரலுக்கு வரும். காது ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்.

பின் சக்கரங்களையும் விடாதீர்கள். பின்னால் கிளம்பும் சத்தம் தகடு வழியாக முன்னுக்கு வந்து முன் சக்கரம் என்று நினைக்க வைக்கும்.

பழைய ஜீப்

நான் 1980களின் ஜீப் வைத்திருக்கிறேன். வருஷம் ஒருமுறை முன் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைக் கழற்றி, டேப்பர் ரோலர் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு பேரிங்கின் ஒரு பக்கமாக அழுத்தி அழுத்தி மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுவேன். பிறகு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, பூட்டிவிடுவேன். இதுவரை ஒரு பிரச்சினையும் இல்லை. வேளச்சேரி தம்பி ஏன் அதையே செய்யக் கூடாது? தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கிரீஸ் மாற்றினாலே சரியாகிவிடும்.

லேத் பட்டறை

ஐயா, உங்கள் ஜீப்புக்கு அது உயிர் மருந்து. ஆனால் இந்தக் காரில் முன் பேரிங்கைப் பிரிக்கவே முடியாது. கிரீஸ் வைத்து, சீல் போட்டு, முழு ஆயுளுக்கும் அதுதான் என்று தயாரிப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். சீலைக் கிளப்பிக் கிரீஸ் வைத்தாலும் உரிந்துபோன இரும்பு திரும்ப வளராது. சத்தம் ஒரு வாரம் குறையும், அதை நம்பி ஆள் நெடுஞ்சாலையில் போய்விடுவார்.

தண்ணீர் விஷயம் முக்கியம். ஓடி வந்த வண்டியில் ஹப் சூடாக இருக்கும். அப்படியே சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கினால் பேரிங்குக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கம் சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். நின்றுகொண்டே இருந்த வண்டியிலும் இரண்டு நாள் ஊறினால் பழைய சீல் தாங்காது. உள்ளே போன தண்ணீர் உடனே வேலையைக் காட்டுவதில்லை. குண்டு நிற்கிற இடத்தில் மெல்லத் துரு பிடிக்கும். அந்தத் துருப்புள்ளி மேலேயே குண்டு லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கி, சில மாதத்தில் உரிய ஆரம்பிக்கும். வெள்ளத்தில் நின்ற கார்களில் சத்தம் அடுத்த கோடையில் கிளம்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேளச்சேரிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போனேன். நியூட்ரலிலும் சத்தம் அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கை மெதுவாக வலது பக்கம் சாய்த்தபோது ‘ஊம்ம்ம்’ தடித்தது. இடது பக்கம் சாய்த்தபோது முழுக்க நின்றே போனது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான். அப்படியென்றால் இடது சக்கரம். நான் இத்தனை நாளும் வலது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் மைத்துனரை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் சோதனையும் செய்தேன். வலது ஸ்பிரிங்கில் எதுவும் தெரியவில்லை. இடது ஸ்பிரிங்கைத் தொட்டதும் கை தானாக விலகியது. உளுந்தோடு கல் சேர்ந்து அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு விரல் நுனிக்குள் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவருக்கும் உடனே தெரிந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் அமைதி.

கோத்தகிரி டிரைவர்

வேறு சாட்சியே வேண்டாம். இடது முன் பேரிங். கும்பகோணம் இந்த பேரிங்கோடு வேண்டாம் சார்.

சேலம் லாரி

நான் 2,000 கி.மீ. இப்படி ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ரொம்பப் பயப்பட வேண்டாம். போய்வந்து மாற்றலாம்.

லேத் பட்டறை

உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போனதில் சந்தோஷம். ஆனால் அம்மாவும் பிள்ளைகளும் உட்காரப்போகிற வண்டிக்கு அதை யோசனையாகச் சொல்லாதீர்கள்.

சத்தம் மட்டும் இருக்கும்போது நாலைந்து கி.மீ. மெதுவாக ஓட்டிப் பட்டறைக்கு வந்துவிடலாம். ஆட்டம் வந்த பிறகு கதையே வேறு. சக்கரம் ஆடும்போது டிஸ்க்கும் சேர்ந்து ஆடி, பிரேக் பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும். அடுத்து பிரேக் மிதிக்கிறீர்கள், பெடல் சும்மா கீழே போகும். இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும். நெடுஞ்சாலையில் அந்த முதல் மிதிதான் உயிர். அதையும் தாண்டிப் போனால் சூடு ஏறி, கிரீஸ் எரிந்து, குண்டுகள் உடைந்து சக்கரமே சாய்ந்துவிடும். போன வருஷம் என்னிடம் இழுத்து வந்த ஒரு வண்டியில் உள் வளையம் ஹப்போடு வெல்டு வைத்தது போல ஒட்டியிருந்தது. ஹப், பேரிங்கைத் தாங்குகிற நக்கிள், சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் எல்லாமே புதுசு போட வேண்டியதாகிவிட்டது. ஒரு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை.

சேலம் லாரி

சரி, அந்தப் பெடல் விஷயம் எனக்குத் தெரியாது. நான் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி.

வேளச்சேரிக்காரன்

மாற்றிவிடுகிறேன். எந்த பேரிங் வாங்குவது, பட்டறையில் என்ன கவனிப்பது என்று சொல்லுங்கள். இந்தத் தடவை தெரிந்துகொண்டு பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.

நாவலூர் வாசகி

வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன். வண்டி நம்பரையோ சேசிஸ் நம்பரையோ கொடுத்து பார்ட் நம்பரை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே மாடலில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற வசதி) உள்ளதற்கும் இல்லாததற்கும் பேரிங் வேறாக இருக்கலாம். கம்பெனி பாகம் வாங்கலாம். இல்லையென்றால் எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, என்எஸ்கே, என்டிஎன், என்பிசி போன்ற பெயர் பெற்றவை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் எல்லாமே கிடைக்கும், ஆனால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பேரிங்கில் போலிகள் நிறைய. மற்ற கடைகளைவிடப் பாதி விலை என்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். எஸ்கேஎஃப் பேரிங்கில் சந்தேகம் இருந்தால், படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பிக் கேட்க ஆத்தென்டிகேட் என்ற செயலியே இருக்கிறது.

பழைய கார் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் கழற்றின நக்கிளை பேரிங்கோடு வாங்கி மாட்டச் சொல்வார்கள். அது எந்த வெள்ளத்தில் நின்றது என்று யாருக்குத் தெரியும்?

லேத் பட்டறை

வேலையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உங்கள் வண்டியில் பேரிங் நக்கிளுக்குள் பிரஸ் பண்ணி உட்கார்ந்திருக்கும். நாலு போல்ட்டில் ஹப்போடு மொத்தமாகக் கழன்று வருகிற வகையும் சில கார்களில் உண்டு, அது சுலபம். உங்களுடையதற்கு ஹைட்ராலிக் பிரஸ் கட்டாயம் வேண்டும். இதில்தான் பாதிப் பட்டறைகள் தப்பு செய்கின்றன. பிரஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்து ஏற்றினால், அடிக்கிற அடி குண்டுகள் வழியாகப் பாதையில் இறங்கி, குண்டுக்குக் குண்டு ஒரு சின்னக் குழி விழும். கண்ணுக்கே தெரியாத குழி. புது பேரிங் ஆறே மாதத்தில் மறுபடி கத்தும், பழி பேரிங் கம்பெனி மேல் போகும். அதனால் உள்ளே போனதும் முதல் கேள்வியாக "பிரஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். லேத் கடைக்கு நக்கிளை எடுத்துப்போய் பிரஸ் பண்ணி வருவார்கள் என்றால் அதுவும் சரிதான்.

பிரஸ் இருந்தாலும் எங்கே அழுத்துகிறார்கள் என்று பாருங்கள். நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தம் விழ வேண்டும். பிறகு ஹப்பை இறக்கும்போது பேரிங்கின் உள் வளையத்துக்குக் கீழே தாங்கு கொடுத்திருக்க வேண்டும். அழுத்தம் ஒரு வளையத்தில் ஏறி, குண்டுகளைத் தாண்டி இன்னொரு வளையத்துக்குப் போனால் சுத்தியலால் அடித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

பழைய ஹப்பை வெளியே தள்ளும்போது உள் வளையத்தில் ஒன்று ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். அதை புல்லர் வைத்து இழுக்க வேண்டும். வராவிட்டால் இரும்பு வெட்டுகிற கிரைண்டரில் பாதி ஆழம் கீறி உளியால் ஒரு தட்டு. கீறல் ஹப் மேல் விழக் கூடாது. விழுந்தால் ஹப்பும் மாற்றிவிடுங்கள்.

ஏபிஎஸ் இருந்தால் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பல பேரிங்குகளில் ஒரு பக்க சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். சென்சார் சக்கர வேகத்தைப் படிப்பது அதை வைத்துத்தான். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து, அதாவது உள்பக்கமாக, உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் வண்டி கிளம்பினதும் ஏபிஎஸ் விளக்கு எரியும். கழற்றி மறுபடி போட்டால் புது பேரிங் வீணாகிவிடும். ஒரு பேப்பர் கிளிப்பை மெல்ல அருகில் கொண்டுபோனால் எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். காந்தத் தட்டு மேல் மட்டும் அந்த பேரிங்கை வைக்கக் கூடாது.

கடைசியாக நடுவில் இருக்கிற பெரிய நட், ஆக்சில் நட். புது நட் போடுங்கள், பழையதைத் திரும்பப் பூட்டாதீர்கள். அந்த நட்டின் இறுக்கம்தான் இரண்டு உள் வளையங்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. லூஸானால் பேரிங் சீக்கிரம் போகும், அளவு மீறி இறுக்கினாலும் போகும். பல கார்களில் அது 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்து இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று முடித்தால் விடாதீர்கள். இறுக்கின பிறகு நட்டின் ஓரத்தைத் தட்டிப் பள்ளத்தில் மடக்க வேண்டும். அந்த நட் முழுசாக இறுகும்வரை வண்டியைத் தரையில் இறக்கி உருட்டவும் கூடாது.

கோத்தகிரி டிரைவர்

இன்னும் இரண்டு. பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கிற கேலிப்பரைக் கழற்றினதும் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டச் சொல்லுங்கள். நக்கிளை ஸ்டிரட்டோடு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணோடு, பிடித்திருக்கிற இரண்டு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளட்டும். எப்படியும் வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

வேளச்சேரிக்காரன்

இன்று முடிந்தது. பிரஸ் இருக்கிறதா என்று கேட்டதில் முதல் இரண்டு இடங்களில் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் கொட்டகையின் மூலையில் இருந்த பிரஸ்ஸைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார்கள். அங்கேயே விட்டேன். மொத்தம் மூன்று மணி நேரம். பேரிங், புது நட், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய். தேவையில்லாமல் டயருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சீலைப் பெயர்த்துப் பார்த்தால் கிரீஸ் பால் அதிகமான காபி நிறத்தில், தண்ணியாக இருந்தது. துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது வெளி வளையத்தில் குண்டு ஓடுகிற பாதை கண்ணாடி போல மின்னியது. ஓர் இடத்தில் மட்டும் அரிசி நொய் அளவுக்கு நாலைந்து கறுப்புப் புள்ளிகள். நகத்தால் தடவினால் நகம் மாட்டுகிறது. அவ்வளவுதான். இத்தனை சத்தமும் அந்தப் புள்ளிகளிலிருந்து வந்திருக்கிறது. பெரிய பையன் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போகிறேன் என்கிறான்.

திரும்பி வரும்போது 80இல் காற்றுச் சத்தம் மட்டும்தான். ஏபிஎஸ் விளக்கு எரியவில்லை. இன்னும் ஒரு சந்தேகம்: வலது பக்கமும் அதே தண்ணீரில்தானே நின்றது, அதையும் சேர்த்து மாற்றிவிடட்டுமா?

பழைய ஜீப்

மாற்றிவிடுங்கள். ஜோடியாக மாற்றுவதுதான் முறை.

லேத் பட்டறை

பிரேக் பேடு, ஷாக் அப்சார்பர் என்றால் ஐயா சொல்வது சரி, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வீல் பேரிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நல்ல பேரிங்கைக் கழற்றினால் அது அந்த நிமிஷமே கெட்டுவிடும், பிரித்து எடுக்கிற இழுப்பு அப்படி. வலது ஸ்பிரிங்கில் கை வைத்தபோது ஒன்றும் தெரியவில்லை என்றீர்கள் அல்லவா, அதை விட்டுவிடுங்கள். கும்பகோணம் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒருமுறை, அப்புறம் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை அதே ஸ்பிரிங் சோதனையைச் செய்யுங்கள். நறநறப்பு வந்த அன்று என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, சக்கர நட்டுகளை நூறு கி.மீ. ஓடின பிறகு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கும்பகோணம் பாதையில் திண்டிவனத்தில் டீக்கு நிறுத்துவீர்கள், அங்கேயே பார்க்கலாம். வீல் ஸ்பேனரை டிக்கியின் அடியில் புதைக்காமல் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.